மூன்றாம் வரியில் ஒரு மூச்சு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பக்தியால் சொல்லவில்லை, தொழிலால் சொல்கிறேன். இருபத்தொரு வருடமாக துபாய் சத்வாவில் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ரிப்பேர் பார்க்கிறவன் நான். ஆளில்லாத ரூமில் ஸ்பீக்கர் பேசுகிறது என்று பதறியடித்து வந்த கஸ்டமர்கள் எத்தனையோ பேர். ஒருவர் வீட்டில் டாக்ஸிக்காரரின் வயர்லெஸ், இன்னொருவர் வீட்டில் பக்கத்து ஃபிளாட்டுக்காரரின் புளூடூத், மற்ற எல்லா வீட்டிலும் எர்த் சரியில்லை, அவ்வளவுதான். பேய் என்று யாராவது சொன்னால் நான் முதலில் ஸ்க்ரூடிரைவரைத்தான் எடுப்பேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள், எனக்கு வருத்தமில்லை.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம் நாசரேத். எங்கள் ஊரில் பையனுக்குக் குரல் உடைந்ததும் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி டெனரா பாஸா என்பதுதான். டெனர் என்றால் மேல் குரல், பாஸ் என்றால் அடிக் குரல். எனக்கு பாஸ். நாங்கள் கோயில் என்று சொல்வது சர்ச்சைத்தான். கோயில் பாடகர் குழுவில் பாஸ்காரனுக்குப் பெரிய பெயரெல்லாம் வராது, பாட்டு முடிந்ததும் ஜனங்கள் டெனர் பையனைத்தான் விசாரிப்பார்கள், ஆனால் பாஸ் இல்லாவிட்டால் பாட்டு அந்தரத்தில் நிற்கும். துபாய் வந்தும் அதை நான் விடவில்லை. இங்கே எங்களுக்கென்று தனிக் கோயில் கிடையாது, ஒரே கட்டடத்தை எல்லா மொழிக்காரர்களும் நேரம் பிரித்து வைத்திருக்கிறோம். காலையில் மலையாளம், மதியம் ஃபிலிப்பைன்ஸ்காரர்கள், மாலை நாலு முதல் ஆறு வரை தமிழ், ஆறு மணிக்கு உருது. ஆறு அடித்து ஐந்து நிமிடம் ஆனால் உருதுக்காரர்கள் கதவைத் திறந்துகொண்டு சிரித்தபடி நிற்பார்கள், நாம் பிரசங்கத்தை முடித்தாகவேண்டும்.

எங்கள் பாடகர் குழுவின் மாஸ்டர் தவமணி அண்ணன், ஷார்ஜாவில் ஸ்கூல் வாத்தியார். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. தனிப்பாட்டு பாடுகிறவன் கையில் தாள் இருக்கக்கூடாது. "தாளப் பாத்து வாசிக்கிறது தபால்காரன் வேல, நீ பாட வந்திருக்க" என்பார். ஒவ்வொரு கிறிஸ்மஸ் ஆராதனையிலும் ஒரு பழைய ஞானப்பாட்டு பாடுவோம், தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரி ஐயர்மார் கொண்டுவந்த மெட்டு. அதில் மூன்றாவது சரணத்தை பாஸ் தனியாகப் பாடவேண்டும், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு ரீங்காரம் போடுவார்கள். பல வருடம் அதை நான்தான் பாடினேன். பிறகு ஒரு வருடம் முன்னால் போய் நின்றேன், முன்னிசை முடிந்தது, வாயைத் திறந்தேன், வார்த்தை இல்லை. சுத்தமாக இல்லை. கீபோர்டு வாசித்தவன் பெரிய மனதோடு மறுபடியும் முன்னிசையை வாசித்தான், மறுபடியும் இல்லை. தவமணி அண்ணன் கையைக் காட்ட, மொத்தக் குழுவும் நாலாவது சரணத்துக்குத் தாவிவிட்டது. ஆராதனை முடிந்து கேக் கொடுக்கும்போது யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு பெரியவர் மட்டும் எனக்குப் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். அந்தக் கேக்குதான் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அதன்பிறகு இரண்டு வருடம் அந்தச் சரணத்தை ஜெபல் அலியில் கிரேன் ஓட்டும் ஸ்டீபன் பாடினான். நான் பின்வரிசை ஓரத்துக்குப் போய்விட்டேன். அங்கே நின்று நான் பாடவே இல்லை என்பதும் வாயை மட்டும் அசைத்தேன் என்பதும் என் மனைவி மெர்சிக்கு மட்டும்தான் தெரியும், அவள் ஆல்டோ, பெண்களில் அடிக் குரல், பாடுகிறவள், அவள் காதிலிருந்து தப்பமுடியாது. அப்புறம் ஸ்டீபனுக்கு குவைத்தில் வேலை கிடைத்து ஃபர்வானியாவுக்குப் போய்விட்டான். நவம்பர் கடைசியில் தவமணி அண்ணன் போன் செய்தார். "ஏல செல்வின், இந்த வருசம் நீதான். முடியாதுன்னு சொல்லாத. இதயும் விட்டுட்டேன்னா அப்புறம் நீ வாழ்நாளுக்கும் பாடமாட்ட, எனக்குத் தெரியும்." அவர் சொன்னது சரி என்று எனக்கும் தெரியும், அதனால்தான் பயமே.

அதே வாரத்தில்தான் ஒரு ஜெர்மன் அம்மா கடைக்கு வந்தார். கடை என்னுடையது இல்லை, காயல்பட்டினத்து சுலைமான் காக்காவுடையது, அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். இப்போது பழைய ரெக்கார்டு பிளேயருக்கு இங்கே ஒரு மோகம் கிளம்பியிருக்கிறது, அதனால் பழைய தட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருகிற வேலையும் நாங்கள் எடுத்துச் செய்கிறோம். அந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும், மகனோடு இங்கே தங்கியிருக்கிறார். ஒரு மரப்பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே பதினொரு தட்டு, கனமானவை, கறுப்பு. ஒரு பக்கத்தில் மட்டும்தான் பாட்டு, பின்பக்கம் வழவழவென்று தோசைக்கல் மாதிரி இருந்தது. ரெக்கார்டு என்ற பொருள் பிறந்த புதிதில் அப்படித்தான் செய்தார்களாம். எல்லாத் தட்டிலும் பாடியிருப்பது அவருடைய கொள்ளுத்தாத்தா. ஆப்பரா என்கிற இசை நாடகத்தில் பாடியவர். பாஸ்.

பாஸ் என்று அவர் சொன்னதும் நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன், காக்கா டீ சொல்லியனுப்பினார். அந்த அம்மா இங்கிலீஷில் நிதானமாகச் சொன்ன கதை இது. கொள்ளுத்தாத்தா செங்கல் சூளைக்காரரின் மகன். கோயிலில் பாடிக்கொண்டிருந்தவரின் குரலைக் கேட்டு ஆர்கன் வாசிப்பவர் பட்டணத்துக்கு அனுப்பினார். இருபத்திரண்டு வயதில் மேடையேறினார், வெள்ளைத் தாடி ஒட்டி, கிழ ராஜாவாக. ஆப்பராவில் டெனர்காரன்தான் காதலிப்பான், பாஸ்காரன் அந்தப் பெண்ணுக்கு அப்பா, இல்லாவிட்டால் பூசாரி, இல்லாவிட்டால் சாத்தான். நம் சினிமாவிலும் அப்படித்தானே என்று நான் சொன்னேன், அவர் சிரித்தார். இருபது வருடம் ராஜாவாகவும் சாத்தானாகவும் நடித்துப் பாடினார். ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் வந்தபோது, பெண் குரல் அந்த மெஷினில் சரியாக விழாது என்பதால் இவரைப்போன்ற ஆண் குரலைத்தான் தேடிப் பிடித்தார்களாம். ஒரு பெரிய புனலுக்குள் முகத்தை வைத்துப் பாடவேண்டும். சத்தம் ஏறுகிற இடத்தில் பின்னாலும், இறங்குகிற இடத்தில் முன்னாலும் தள்ளுவதற்கென்று தோளைப் பிடித்தபடி ஒரு ஆள் நிற்பான். ராஜாவைப் பிடித்து ஆட்டுக்குட்டியைப்போல முன்னும் பின்னும் தள்ளினார்கள் என்று வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பாராம்.

அப்புறம் ஒருநாள் நடு மேடையில் அவருக்கு வார்த்தை மறந்துபோனது. அந்த அம்மா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் கையிலிருந்த டீ ஆறிப்போனது.

அதன்பிறகும் சில வருடம் பாடினார், ஆனால் பயந்து பயந்து. கடைசியில் ஐம்பது வயதில் மேடையை விட்டு இறங்கி, அதே தியேட்டரில் சொல் கொடுக்கிற வேலையை அவராகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே மேடையின் முன்விளிம்பில் தரைக்குக் கீழே ஒரு பெட்டி இருக்குமாம், ஜனங்களுக்குத் தெரியாது. அதற்குள் ஒரு ஆள் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பாடுகிறவருக்கு மட்டும் கேட்கும்படி முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பார். ராஜாவாக நின்ற மனிதர் குழிக்குள் போய் உட்கார்ந்துவிட்டாரே என்று குடும்பமே அழுதது. அவர் அழவில்லை. "முன்பு ஒரு வாயால் பாடினேன், இப்போது எல்லார் வாயாலும் பாடுகிறேன்" என்றாராம். சாகிறவரை அந்தப் பெட்டியில்தான் இருந்தார், அவர் இருந்த காலத்தில் அந்தத் தியேட்டரில் ஒருவர்கூட வார்த்தை தெரியாமல் நின்றதில்லையாம்.

வேலையை நான் மிகுந்த பக்தியோடு செய்து, கெடுத்தேன். நம் ஜனங்கள் கொண்டுவருகிற பழைய இந்தி, தமிழ்த் தட்டெல்லாம் நிமிடத்துக்கு எழுபத்தெட்டு சுற்று என்ற வேகத்தில் சுற்றவைத்தால் போதும், சரியாக வரும். இதையும் எழுபத்தெட்டில் சுற்றவிட்டு மாற்றிவிட்டேன். அந்த அம்மா வந்து ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டார். நன்றி என்றார், நன்றாக இருக்கிறது என்றார், ஆனால் முகம் விழுந்துவிட்டது. "அவர் பாடினால் அலமாரியில் கிளாஸ் நடுங்கும் என்று என் பாட்டி சொல்வார், இது யாரோ மாதிரி இருக்கிறது" என்றார், பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார். அன்று இரவு மெர்சிக்கு ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினேன். அவள் ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இது பாஸா? சளி புடிச்ச டெனர் மாதிரில்லா இருக்கு. நீங்க என்னத்த சுத்த விட்டிய?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டியின் அடியில் இருந்த தட்டு ஒன்று ஆப்பரா இல்லை, பக்திப்பாட்டு. கேட்டால் எங்கள் கிறிஸ்மஸ் பாட்டின் அதே மெட்டு. கீபோர்டில் வைத்துப் பார்த்தால் இரண்டு கட்டைக்கு நடுவில் எங்கேயோ தொங்கியது, அப்படி ஒரு சுருதியில் எந்த வாத்தியக்காரனும் வாசிக்கமாட்டான். தொடக்க காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு வேகத்தில் பதிந்திருக்கிறார்கள், நான் எல்லாவற்றையும் வேகமாக ஓட்டிக் குரலை மேலே தூக்கிவிட்டிருக்கிறேன். பதினெட்டு வருட சர்வீஸ், எல்கேஜி தப்பு. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்குக் காக்கா போய்விட்டார், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான் மட்டும் உள்ளே. நல்ல வெயில், ஷட்டருக்குக் கீழே தெருவில் போகிறவர்களின் செருப்பு தெரிகிறது. பேய் வருகிற நேரமா அது, சொல்லுங்கள். ஏஸியையும் போனையும் அணைத்துவிட்டேன், சுத்தமான பதிவு வேண்டுமே. அந்தப் பக்திப்பாட்டுத் தட்டைப் போட்டு, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். எழுபத்தாறு, எழுபத்துநாலு, எழுபத்திரண்டு. அங்கே வந்ததும் குரல் அரிசி மூட்டையைத் தரையில் இறக்கிய மாதிரி இறங்கி உட்கார்ந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தக் கீறல் சத்தத்துக்குள் ஒரு முழு ஆள் நின்று பாடினார். சந்தோஷம் தாங்காமல் நானும் கூடச் சேர்ந்து பாடினேன், வாயைத் திறந்து, மூன்று வருடத்துக்குப் பிறகு.

இரண்டாவது சரணத்தில்தான் கவனித்தேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவர் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் நினைக்கலாம். அந்தக் காலத்துப் பதிவில் மைக் கிடையாது. புனலுக்குள் கத்துகிற காற்றின் வேகம்தான் ஊசியை அசைத்து மெழுகில் கீறும். பக்கத்தில் நின்று வாசித்த வயலினே அதில் சரியாக விழாது. மனிதன் மூச்சு இழுக்கிற சத்தம் விழவே விழாது, என் கடைச் சாவியை வேண்டுமானால் பந்தயம் வைக்கிறேன். ஆனால் கேட்டது. தட்டில் இரண்டு சரணம்தான் உண்டு, அதற்குமேல் இடமில்லை. பாட்டு முடிந்து ஊசி வெறும் கோட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போது மறுபடியும் அந்த மூச்சு வந்தது, மூன்றாவது சரணத்துக்கு எடுக்கிற மூச்சு. எடுத்துவிட்டு, அப்படியே நின்றது. நம்மோடு சேர்ந்து பாடுகிறவர் மூச்சை எடுத்துவிட்டு நீ ஆரம்பி என்று பார்ப்பாரே, அந்த மாதிரி.

நான் ஆரம்பிக்கவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்து, பக்கத்துக் கஃபெடீரியா வாசலில் உட்கார்ந்தேன். அப்போதும் ஹெட்ஃபோன் இல்லாத காதில் அந்த மூச்சு பாக்கி இருந்தது. காக்கா தொழுகை முடிந்து வந்தார்.

"என்ன தம்பி, கரண்டு அடிச்சிட்டா? மொகம் வெளுத்துக் கெடக்கு."

"இல்ல காக்கா, ஏஸி போடல, புழுக்கம்."

"அப்ப உள்ள போயி ஏஸியப் போடு. வெயில்ல வந்து ஒக்காந்துக்கிட்டு புழுக்கங்கிற."

உள்ளே போய் எல்லாவற்றையும் சோதித்தேன். எர்த் சரி. வயர் சரி. பதிவான ஃபைலைப் போட்டுப் பார்த்தேன், பாட்டு இருக்கிறது, மூச்சு இல்லை. கடைசியில் வெறும் கீறல்தான். தட்டை மறுபடி நாலு தடவை போட்டேன், மூச்சு இல்லை. சரி, மூன்று வருடம் பாடாதவன் பாடியதால் தலை சுற்றியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மற்றப் பத்துத் தட்டையும் புது வேகத்தில் மாற்றி முடித்தேன். அந்த அம்மா வந்து கேட்டார், கேட்கும்போதே கண்ணீர் ஓடியது, என் கையைப் பிடித்துக்கொண்டார். பெட்டி கனம், பண்டிகை முடிந்ததும் நானே வீட்டில் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். அதோடு அது முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கிறிஸ்மஸ் ஆராதனை. கோயில் நிறைந்து, லேபர் கேம்ப்பிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆள் வந்து, பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். ஐந்தே கால் மணிக்கு எங்கள் பாட்டு. இரண்டு சரணம் முடிந்தது, நான் பின்வரிசையிலிருந்து முன்னால் வந்தேன். வீட்டில் முந்நூறு தடவை சொல்லிப் பார்த்த சரணம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். முன்னிசை தொடங்கியது, முடிந்தது, வார்த்தை இல்லை.

அந்த வெறுமை எப்படி இருக்கும் என்று பட்டவனுக்குத்தான் தெரியும். முன்வரிசையில் போன முறை கேக் கொடுத்த பெரியவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். சரி, நம் பாட்டு இதோடு முடிந்தது, இனி எந்த மேடையிலும் ஏறக்கூடாது என்று எனக்குள் தெளிவாகத் தோன்றியது. கீபோர்டுக்காரன் மறுபடியும் முன்னிசையை ஆரம்பித்தான்.

அப்போது கீழேயிருந்து வந்தது. என் இடது காலுக்குப் பக்கத்தில், முழங்காலுக்கும் தாழ்வில், வெறும் தரையும் கார்பெட்டும் மட்டும் இருக்கிற இடத்திலிருந்து ஒரு மூச்சு. அதன்பின் ஒரு சொல், தமிழில், மெதுவாக, எனக்கு மட்டும். "நா." நான் அதை வாங்கிப் பாடினேன். வரி முடியும் முன்னால் அடுத்த சொல் வந்தது, "நீரே." அதை வாங்கினேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு சொல்தான் கொடுக்கப்பட்டது, மிச்சச் சொற்கள் என் வாயில் எப்படி வந்தன என்று இன்றுவரை தெரியாது. என்ன பாடுகிறேன் என்று நான் யோசிக்கவே இல்லை. கோயில் முழுக்கத் தாள் புரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது, ஏன் எல்லாரும் இப்படிப் புரட்டுகிறார்கள் என்று ஒரு மூலையில் தோன்றியது, அவ்வளவுதான். கடைசி அடி ஸ்வரத்துக்கு இறங்கினேன், தரை தட்டியது, அங்கேயே நின்றேன், மூச்சு தீரும்வரை நின்றேன். அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் எங்கே போய்ச் சொல்ல. என் கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை, இதை மெர்சியிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஆறு மணிக்கு உருதுக்காரர்கள் வந்துவிட்டதால் கேக்கும் டீயும் கார் பார்க்கிங்கில்தான். தவமணி அண்ணன் நேரே என்னிடம் வந்து கட்டிப்பிடித்தார். பிடித்த பிடியை விடாமலே கேட்டார்.

"ஏல, எங்கருந்துல புடிச்ச அந்தச் சரணத்த?"

"எந்தச் சரணம் அண்ணே? மூணாவதுதான பாடுனேன்."

"வெளையாடாத. தாள்ல இருக்க மூணாவது அது இல்ல. புத்தகத்துலயும் இல்ல. மொத்த சபையும் தாளப் பொரட்டித் தேடிக்கிட்டு இருக்கு. அதுவும் ஏன் அடிக்கடி கீழயே பாத்த?"

மெர்சி தன் போனை நீட்டினாள், முழுவதையும் வீடியோ எடுத்த யாரோ அதற்குள் குரூப்பில் போட்டுவிட்டிருந்தார்கள். நான் பாடுவதை நானே கேட்டேன்.

நா உலர்ந்து நிற்கையில்
நீரே சொல்லை ஈகுவீர்;
நான் மறந்த பாட்டை நீர்
நானே பாடச் செய்குவீர்.

நான் பிழையில்லாமல் ஒரு கடிதம் எழுதத் தெரியாதவன். ஈகுவீர் என்றெல்லாம் எனக்கு வராது. தவமணி அண்ணன் விடவில்லை, ஊரில் ரிட்டயரான பாதிரி ஐயர் ஒருவருக்குப் போன் போட்டு, பழைய பதிப்புப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் தேடச் சொன்னார். அந்தப் பாட்டுக்குத் தமிழில் எந்தக் காலத்திலும் நாலு சரணம்தான், இது அதில் எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

ஒரு வாரம் கழித்து அந்த ஜெர்மன் அம்மாவின் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க அவர் மகன் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. உங்கள் மொழியில் அந்தப் பாட்டுக்கு எத்தனை சரணம் என்று மட்டும் கேட்டேன். அவர் உள்ளே போய் ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துவந்தார், கொள்ளுத்தாத்தாவின் சொந்தப் பாட்டுப் புத்தகம், ஓரமெல்லாம் விரல் அழுக்கு. அதில் ஆறு சரணம் இருந்தது. ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தார். ஐந்தாவதற்கு வந்தபோது கொஞ்சம் தடுமாறி, வார்த்தை தேடிச் சொன்னார். நாக்கு வறண்டு நிற்கும்போது நீ சொல்லைக் கொடுப்பாய், நான் மறந்த பாட்டை என்னையே பாடவைப்பாய்.

நான் என் போனை எடுத்து, தமிழில் எழுதி வைத்திருந்ததை வரி வரியாக அவருக்கு இங்கிலீஷில் சொன்னேன். அவர் பயப்படவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். "கொள்ளுத்தாத்தா வேலையை விட்டுவிடவில்லை போலிருக்கிறது" என்றார், எழுந்து போய் எனக்கு இன்னொரு காபி போட்டுவந்தார்.

அவர் காபி போடப் போன நேரத்தில் நான் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு எடுக்கவேண்டிய இடத்தில் எல்லாம் கொள்ளுத்தாத்தா பென்சிலால் சின்னக் குறி போட்டிருந்தார். எல்லா வரியிலும் முடிவில்தான் குறி, அது எந்தப் பாடகனும் செய்வது. ஐந்தாவது சரணத்தின் மூன்றாவது வரியில் மட்டும் நடுவில் இருந்தது, நாலாவது ஸ்வரத்துக்குப் பிறகு. அந்த இடத்தில் மூச்சு எடுப்பது தப்பு, பொருள் உடையும். வயதான காலத்தில் மூச்சு போதாமல் போட்டுக்கொண்ட குறியாக இருக்கலாம். வீட்டுக்கு வந்து வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். நான் மறந்த என்று பாடிவிட்டு, நிற்கிறேன், மூச்சுச் சத்தம், அதன்பிறகு பாட்டை நீர். மெட்டில் நாலாவது ஸ்வரத்துக்குப் பிறகு.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த அம்மா ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டார், பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புவார். தவமணி அண்ணன் அந்தச் சரணத்தைத் தாளில் சேர்த்துவிட்டார். மொழிபெயர்ப்பு என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருந்தார், நான் சண்டை போட்டு எடுக்கவைத்தேன், இப்போது அந்த இடம் காலியாக இருக்கிறது. வருடாவருடம் நான்தான் பாடுகிறேன். பின்வரிசை ஓரத்தை விட்டு நடுவுக்கு வந்துவிட்டேன். வார்த்தை மறப்பதில்லை, கீழேயிருந்து யாரும் எடுத்துக் கொடுப்பதும் இல்லை, தேவைப்படவில்லை.

அந்த மூன்றாவது வரி மட்டும்தான். எனக்கு நெஞ்சு பலம் உண்டு, வீட்டிலோ கடையிலோ பாடினால் அந்த வரி ஒரே மூச்சில் அலுங்காமல் வரும். கோயிலில் முன்னால் நின்று பாடும்போது மட்டும், நான் மறந்த என்று வந்ததும், என் காலடியில் ஒருவர் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்கிறது. வீடியோவில் பார்த்தால் என் வாய் திறக்கவில்லை, நெஞ்சு அசையவில்லை, மூச்சுச் சத்தம் மட்டும் இருக்கிறது. வரியின் நடுவில் நிற்கிறேன் என்று தவமணி அண்ணன் ஒவ்வொரு வருடமும் திட்டுகிறார். நானும் சரி அண்ணே என்று சொல்லிவிட்டு, அடுத்த வருடமும் காலடியில் இருக்கிறவர் மூச்சை இழுத்து முடிக்கிறவரை நின்று கொடுக்கிறேன்.